உரித்த சுளையின் விலை

பண்ருட்டியில் பஸ் நின்றதும் ஜன்னலோரமாக நீளும் தட்டில் இருப்பது பலாப்பழம் இல்லை, பலாச்சுளை. முழுப்பழத்தை வீட்டுக்குத் தூக்கிப்போய், கையிலும் அரிவாளிலும் எண்ணெய் தடவி, பால் ஒட்டாமல் பிளந்து, சடை நீக்கிச் சுளை எடுப்பது லேசான வேலையில்லை. அதை வியாபாரி நமக்காகச் செய்துவிடுகிறார். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். நுங்கும் அப்படித்தான்: காயைச் சீவிக் கண்ணைத் தோண்டி எடுக்கிற பழக்கம் எல்லோர் கைக்கும் கிடையாது. சந்தையில் உரித்த சின்ன வெங்காயத்துக்கு ஒரு விலை, உரிக்காததற்கு ஒரு விலை. உரித்த பூண்டு பாக்கெட்டில் வருகிறது. மாதுளை முத்து டப்பாவில் வருகிறது. இவற்றை வாங்குகிறவர்களைச் சோம்பேறி என்று ஊர் ஏசுவதில்லை.

ஆரஞ்சு என்று வந்தால் பேச்சு மாறிவிடுகிறது. 2016 மார்ச்சில் அமெரிக்காவின் ஹோல் ஃபுட்ஸ் கடைகள் சிலவற்றில், தோல் உரித்த முழு ஆரஞ்சுகளை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்து வைத்தார்கள். பவுண்டு 5.99 டாலர். யாரோ எடுத்த படம் ட்விட்டரில் பரவியது. இயற்கையே இந்தப் பழத்துக்கு ஓர் உறை போட்டுக் கொடுத்திருக்கிறதே, அதைக் களைந்துவிட்டு இத்தனை பிளாஸ்டிக் எதற்கு என்று ஒருவர் கேட்க, பல்லாயிரம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். கடை உடனே பணிந்தது. தவறு எங்களுடையது, எடுத்துவிட்டோம், இனிப் பழம் அதன் இயற்கை உறையிலேயே இருக்கும் என்று அறிவித்தது.

அதோடு அது முடிந்திருக்கும். ஆனால் சில நாட்களில் வேறொரு குரல் எழுந்தது. கைவிரல்கள் மடங்காதவர்கள், ஒரு கை மட்டுமே இயங்குகிறவர்கள், நடுக்கம் உள்ளவர்கள் எழுதினார்கள். நீங்கள் பரிகசிக்கிற அந்த டப்பா எங்களுக்கு ஓர் உதவி. எங்களைக் கேட்காமலே அது வந்தது, கேட்காமலே போய்விட்டது என்றார்கள். அமெரிக்காவில் மூட்டுவாதம் இருப்பதாக மருத்துவர் சொன்ன பெரியவர்களின் எண்ணிக்கை 2013 முதல் 2015 வரையிலான அரசு மதிப்பீட்டில் 5 கோடியே 44 லட்சம். எல்லோருக்கும் கைமூட்டில்தான் நோய் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் இது ஒரு சிறுபான்மையின் செல்லக் குறை என்று ஒதுக்கிவிடக்கூடிய எண்ணிக்கையும் இல்லை.

அந்தச் சர்ச்சையைப் படித்தபோது எனக்கும் முதலில் அந்தப் பிளாஸ்டிக்தான் உறுத்தியது. என் எண்ணத்தை மாற்றியது என் அம்மா.

அம்மாவுக்கு முடக்குவாதம். வயது 76. வலது கைக் கட்டைவிரல் அடியில் மூட்டு புடைத்து, மற்ற விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. ஒரு நாள் மத்தியானம் அடுக்களையில் அவள் ஒரு கமலா ஆரஞ்சோடு உட்கார்ந்திருந்ததைக் கதவோரம் நின்று பார்த்தேன். பழத்தை மடியில் வைத்து இடது உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தைக் காம்புக் குழியில் ஊன்றினாள். நகம் வழுக்கியது. கரண்டிக் காம்பை எடுத்தாள். அது தோலைக் கிழித்துச் சுளைக்குள்ளேயே இறங்கி, சாறு கண்ணில் தெறித்தது. மறுபடி முயன்றபோது தோல் நகக்கண் அளவு துண்டு துண்டாகப் பெயர்ந்தது. என்னைப் பார்த்ததும் பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு, “இப்ப வேண்டாம்ப்பா, அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்” என்றாள். வீட்டுக் கூடையில் ஆரஞ்சுகள் ஏன் சுருங்கிக் காய்ந்து போகின்றன என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை.

உரிப்பதில் கடினமானது முதல் கீறல்தான். ஓர் இடத்தில் தோல் திறந்துவிட்டால் மீதியைச் சின்னக் குழந்தையும் உரித்துவிடும். இதைப் புரிந்துகொள்ளப் பழத்தின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆரஞ்சின் தோல் இரண்டு அடுக்கு. வெளியே நிறமுள்ள மெல்லிய அடுக்கு. அதில் கண்ணுக்கே தெரிகிற எண்ணெய்ப் பைகள். தோலை மடித்தால் சீறி அடிப்பது அந்த எண்ணெய்தான். அடியில் வெள்ளைத் தோல். இது பஞ்சு போன்றது. செல்களுக்கு நடுவே நிறையக் காற்றிடம். செல்களைப் பிணைத்து நிறுத்துவது பெக்டின். அதற்கும் உள்ளேதான் சுளைகள், ஒவ்வொன்றும் தனித்தனிச் சவ்வுப் பையில். கமலா போன்ற மாண்டரின் வகைகளில் பழுக்கப் பழுக்க வெள்ளைத் தோல் வற்றி நார்வலையாகிவிடும். அதனால் தோல் சட்டை மாதிரி தளர்ந்து நிற்கிறது. சாத்துக்குடியிலும் மற்ற இனிப்பு ஆரஞ்சுகளிலும் அது கடைசிவரை சுளையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். சாத்துக்குடியை வீட்டில் யாரும் உரித்துத் தின்னாமல் ஜூஸ் கடைக்காரரிடமே விட்டுவிடுவதற்கு இந்த ஒட்டலே காரணம்.

ஹோல் ஃபுட்ஸ் உரித்து வைத்த பழம் எது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அது அமெரிக்காவில் சுமோ என்ற பெயரில் விற்கும் ஜப்பானிய டெக்கோபான். 1972இல் நாகசாகி மாவட்டத்தின் குச்சினோட்சுவில் இருந்த பழ ஆய்வு நிலையத்தில் கியோமி, பொன்கன் என்ற இரண்டு வகைகளைக் கலந்து உண்டாக்கியது. பொன்கன் என்ற பெயரின் முதல் பாதி நம் புனேயிலிருந்து போனதாகச் சொல்வார்கள். தலையில் குமிழ் வைத்த இந்தப் பழத்தின் தனிச்சிறப்பே சுலபமாக உரிவதுதான். உரிக்கவே முடியாமல் இறுகிக் கிடக்கிற பழங்கள் அத்தனை இருக்க, எளிதில் உரிகிற ஒன்றைத்தான் அந்தக் கடைகள் தேர்ந்தெடுத்தன. யாருக்காக இதைச் செய்கிறோம் என்று அங்கே யாரும் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் கை வலிக்கிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது இறுகிய தோல் பழங்களே என்று தெரிந்திருக்கும். விற்பனைப் பலகையிலும் ஒரு காரணம் எழுதி வைத்திருக்கலாம். வெறும் சௌகரியம் என்று விற்றதால் வெறும் ஆடம்பரம் என்றே ஊர் அதை வாசித்தது.

ஆரஞ்சு விற்கிறவர்கள் தோலோடு போராடுவது புதிதில்லை. கலிஃபோர்னியாவின் பழ விவசாயிகள் கூட்டுறவு, சன்கிஸ்ட் என்ற பெயரில் பழம் விற்றது. 1916இல் அது தேசம் முழுக்க ஒரு விளம்பரத்தைக் கொண்டுபோனது: ஆரஞ்சைத் தின்பதோடு நிற்காமல் குடியுங்கள். விளைச்சல் மிஞ்சிப் போயிருந்தது. உட்கார்ந்து உரித்துத் தின்னும் ஒருவர் ஒரு பழத்தோடு எழுந்துவிடுவார். பிழிந்தால் ஒரே தம்ளருக்கு இரண்டு மூன்று போகும். பிழிவதற்குத் தோல் உரிக்க வேண்டாம், பாதியாக வெட்டினால் போதும். கூட்டுறவே கண்ணாடிப் பிழிவானை மலிவு விலைக்குக் கொடுத்தது. 1940களில் ஃபுளோரிடா விஞ்ஞானிகள் சாற்றைச் சுண்டவைத்து உறையவைக்கும் முறையைக் கண்டார்கள். வெட்டுகிற வேலையும் போயிற்று.

மறுபக்கம், பழமாகவே விற்க வேண்டும் என்று நினைத்தவர்கள் சுலபமாக உரிகிற சாதிகளைத் தேடினார்கள். அல்ஜீரியாவின் ஓரான் நகருக்கு அருகே மிஸர்கின் அநாதை இல்லத் தோட்டத்தில் கிளெமென்ட் என்ற துறவி வளர்த்த மரத்திலிருந்து வந்த கிளெமென்டைன், ஜப்பானின் சத்சுமா, பிறகு டெக்கோபான். இன்று மேலைநாட்டுக் கடைகளில் குழந்தைகளின் மதிய உணவுப் பைக்கு என்று விற்கும் சின்ன ஆரஞ்சுகள் பலவும் இந்த வழிவந்தவை. கொட்டையில்லை, உரிக்கச் சிரமமில்லை என்ற இரண்டே வாக்குறுதிகளில் ஓடுகிறது அந்த வியாபாரம். மரபணு வழியே தோலைத் தளர்த்துவது என் கண்ணில் மிக அழகான தீர்வு. டப்பா வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம். ஆனாலும் முதல் கீறலுக்கு ஒரு நகம் வேண்டியிருக்கிறது.

உரித்தே விற்பது என்று முடிவெடுத்தவர்களும் நூறு வருஷமாக இருக்கிறார்கள். ஃபுளோரிடாவின் பழைய கிரேப்ஃப்ரூட் தகர டப்பா ஆலைகளில் பழத்தைக் கொதிநீரில் வாட்டித் தோலைக் கையால் உரிப்பார்கள். ஒட்டிய வெள்ளைத் தோலைக் கரைக்கக் காரக் கரைசலில் முக்கி, கழுவி, பிறகு வரிசையாக நிற்கும் பெண்கள் வளைந்த கத்தியால் சவ்வுக்கும் சதைக்கும் நடுவே கோதிச் சுளையை முழுசாக எடுப்பார்கள். ஜப்பானிய மிக்கான் டப்பாவில் சவ்வே இல்லாமல் மினுங்கும் சுளைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சவ்வைக் கத்தி எடுக்கவில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் அடுத்து சோடியம் ஹைட்ராக்சைடிலும் நனைத்துக் கரைத்து, பிறகு நீண்ட நேரம் தண்ணீரில் அலசுகிறார்கள். இவையெல்லாம் பாகில் ஊறி, சூடேறி, தகரத்தில் அடைபடும் பழங்கள். பச்சைப் பழத்தின் வாசனை அதில் இருக்காது.

பச்சையாகவே இருக்க வேண்டும், ஆனால் தோல் இருக்கக் கூடாது என்ற கேள்விக்கு விடை ஃபுளோரிடாவின் வின்டர் ஹேவன் ஊரிலிருந்த அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் கிடைத்தது. ஜோசப் புரூம்மர் 1981இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எனக்கு இந்த முறையின் மேல் தனிப் பிரியம். வன்மையே இல்லாத முறை.

பழத்தை நன்றாகக் கழுவி இளஞ்சூடாக்குகிறார்கள். மேலிருந்து கீழாக நான்கைந்து கோடுகள் கீறுகிறார்கள். கீறல் வெள்ளைத் தோலுக்குள் இறங்க வேண்டும், சுளையைத் தொடக் கூடாது. பிறகு பெக்டினைச் செரிக்கும் நொதி கலந்த தண்ணீரில் அமிழ்த்தி, கலனை மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். வெள்ளைத் தோல் பஞ்சு என்று சொன்னேன் அல்லவா? அதன் துளைகளில் இருந்த காற்று கீறல் வழியே குமிழ் குமிழாக வெளியேறுகிறது. சில நிமிஷம் கழித்து வெற்றிடத்தைத் திறந்துவிட்டால், காற்று இருந்த இடத்துக்குள் நொதித் தண்ணீர் பாய்ந்து நிறைகிறது. பிழிந்த பஞ்சைத் தண்ணீருக்குள் விட்டால் குடிப்பது போல. அப்புறம் அரை மணி, ஒரு மணி நேரம் வெதுவெதுப்பில் வைத்தால் போதும். நொதி உள்ளிருந்தே பிணைப்பை அவிழ்த்துவிடும். விரலால் தள்ளினால் தோல் நான்கு இதழாக வழுக்கிக்கொண்டு வருகிறது. உள்ளே சுளைகள் ஒரு கீறல்கூட இல்லாமல் சவ்வோடு நிற்கின்றன. பின்னாளில் நொதியே இல்லாமல் தண்ணீரை மட்டும் அழுத்தி ஏற்றியும் தோலைத் தளர்த்தலாம் என்று காட்டினார்கள்.

சவ்வு சிதையாமல் நிற்பது ஏன் முக்கியம்? ஆப்பிளை வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் ஒரு காயம். செல் கிழிந்து சாறு காற்றோடு சேர்ந்து கறுக்கிறது. ஆரஞ்சுக்கு இயற்கை ஏற்கெனவே அறை அறையாகச் சுவர் வைத்திருக்கிறது. அந்தச் சுவர் கிழியாதவரை உரித்த பழமும் உயிரோடு மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். பறித்தபின் பழுக்கிற பழமும் இல்லை இது, ஆகவே அவசரமாக முதுமையடைவதும் இல்லை. சுவர் கிழிந்தால் கதை வேறு. சாறு டப்பாவின் அடியில் தேங்கும், தேங்கிய சாற்றில் ஈஸ்ட் வளரும், புளித்த நாற்றம் வரும். நேவல் வகையில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கிழிந்த திசுவிலிருந்து வரும் ஒரு பொருள், சாற்றின் அமிலம் பட்டுச் சில மணி நேரத்தில் லிமோனின் என்ற கசப்பாக மாறும். உரித்த உடனே தித்திக்கிற சுளை மறுநாள் கசக்கும்.

அதனால் உரித்த பழத்துக்குக் குளிர் விடாமல் வேண்டும், 4 டிகிரி செல்சியஸ் அளவில். சிட்ரிக் அமிலக் கரைசலில் முக்கினால் ஈஸ்டும் பாக்டீரியாவும் அடங்கி ஆயுள் கூடுகிறது என்று 1990களில் ஃபுளோரிடா ஆய்வாளர்கள் கண்டார்கள். மேல்பரப்பு காய்ந்து வெளுத்துப் போகாமல் இருக்க ஈரம் காக்கும் உறை வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் சுத்தம் வேண்டும். புளிப்பான பழத்தில் கிருமி பிழைக்காது என்ற நம்பிக்கை பொய்யானது 1995இல். ஃபுளோரிடாவின் ஒரு கேளிக்கைப் பூங்காவில் சூடுபடுத்தாத ஆரஞ்சுச் சாறு குடித்தவர்களுக்கு சால்மொனெல்லா தொற்று வந்தது. தோலின் வெளிப்புறத்தில் இருப்பது, உரிக்கிற கத்தியோடும் கையோடும் உள்ளே வந்துவிடுகிறது. உரித்த பழத்தை விற்பவர் முதலில் விற்பது தன் கையின் சுத்தத்தை.

கணக்கையும் பார்த்துவிடலாம். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணை ஆரஞ்சின் எடையில் 27 சதவீதத்தைத் தோலும் விதையுமான கழிவு என்று தள்ளுகிறது. கிலோ 100 ரூபாய்க்கு வாங்கிய பழத்தை உரித்தால் 730 கிராம்தான் மிச்சம். அதாவது உரித்த கிலோவின் அடக்கவிலையே 137 ரூபாய். கூலி, குளிர், டப்பா, விற்காமல் கெடுவது எல்லாம் இதற்கு மேல். அந்த 5.99 டாலரைக் கொள்ளை என்றவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்த விலையைக் கொடுக்க முடியாதவர்களில்தான் உடல் முடியாதவர்கள் அதிகம்.

வேறு ஊர்களில் இதே பண்டம் எப்படி விற்கிறது என்று பார்த்தால் இந்தக் குளிரும் டப்பாவும் எங்கிருந்து வந்தன என்பது துலங்குகிறது. கானாவின் அக்ராவிலும் குமாசியிலும், நைஜீரியா தெருக்களிலும், உரித்த ஆரஞ்சு அன்றாடச் சரக்கு. வெப்பநாட்டுப் பழமாதலால் பழுத்தும் தோல் பச்சையாகவே இருக்கும். விற்கிற பெண் கூரான கத்தியைப் பிடித்து, பழத்தைச் சுழற்றிச் சுழற்றி, பச்சைத் தோலை மட்டும் நூல் மாதிரி சீவி எடுப்பார். வெள்ளைத் தோலைத் தொடமாட்டார். உரித்த பழங்களைத் தட்டில் கோபுரமாக அடுக்குவார். நீங்கள் கேட்டதும் உச்சியில் ஒரு மூடி அளவுக்கு வெட்டித் தருவார். பழத்தை அமுக்கிக்கொண்டே உறிஞ்ச வேண்டியதுதான். எரிச்சல் தரும் எண்ணெய் வெளித்தோலோடு போய்விட்டதால் உதடு எரியாது. விடப்பட்ட வெள்ளைத் தோல் பழத்துக்கு உறை, உங்களுக்குக் கோப்பை. பெக்டின், நொதி என்ற பேச்சே இல்லாமல், எதைச் சீவ வேண்டும் எதை விட வேண்டும் என்று அந்தக் கை கண்டுபிடித்து வைத்திருக்கிறது. இதைவிட நேர்த்தியான உணவுப் பொட்டலம் ஒன்றை நான் அறியேன்.

தாய்லாந்தில் அது பம்ளிமாஸ். இந்தச் சொல் நமக்கு டச்சுக்காரர்களின் பொம்பெல்மூஸிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். நக்கோன் பதோம் பக்கத்துப் பழங்களுக்கு அங்கே பெயர் அதிகம். பழம் குழந்தைத் தலை பருமன். தோல் கட்டைவிரல் தடிமன். உள்சவ்வு தின்ன முடியாத அளவுக்கு முரடு. தோலும் சவ்வும் போனால் ஏறக்குறைய பாதி எடைதான் மிஞ்சும். அதனால் சந்தையில் உரித்தே விற்கிறார்கள். சவ்வு நீங்கிய சுளைகளைத் தட்டில் அடுக்கி மெல்லிய தாளால் மூடி, சர்க்கரையும் உப்பும் மிளகாயும் கலந்த பொட்டலம் ஒன்றையும் உடன் வைப்பார்கள். பம்ளிமாஸ் சுளையின் சாற்றுமணிகள் கெட்டியானவை, லேசில் உடையாது. கையால் உதிர்த்தால்கூட மணி மணியாகத்தான் பிரியும். உரித்து விற்பதற்கென்றே பிறந்த பழம். இங்கேயும் தட்டு இருக்கிறது, பிளாஸ்டிக் இருக்கிறது. யாரும் கோபப்படுவதில்லை. உரிப்பது எவ்வளவு பாடு என்று எல்லோருக்கும் தெரியும்.

அக்ராவில் கத்திக்கும் வாய்க்கும் நடுவே சில நிமிஷம். பாங்காக்கில் சில மணி நேரம். அமெரிக்கக் கடைத்தட்டில் பல நாள். நொதி, அமிலக் கரைசல், 4 டிகிரி, பிளாஸ்டிக் டப்பா, 5.99 டாலர் எல்லாமே அந்த நாட்களுக்காகக் கொடுக்கிற விலை. உரிப்பது எங்கும் ஒரே வேலைதான். பிளாஸ்டிக்கைக் கண்டு கோபப்பட்டவர்கள் உரிப்பதைத் தாக்கினார்கள். அந்தக் கோபம் அந்த இடைவெளியின் மேல் திரும்பியிருக்க வேண்டும். பழம் விற்கிற இடத்திலேயே, கேட்கிறவருக்குக் கேட்கும்போது உரித்துக் கொடுக்க ஓர் ஆளை நிறுத்தினால் டப்பாவின் தேவை பெரும்பாலும் போய்விடும். மீனைச் சுத்தம் செய்து தருகிற கடைகள் இருக்கும்போது ஆரஞ்சுக்கு ஏன் முடியாது? ஹோல் ஃபுட்ஸ் அன்றைக்குத் திரும்பப் பெற்றுக்கொண்ட இடத்தில் இதைச் செய்து பார்த்திருக்கலாம்.

தோலை இயற்கை உறை என்று போற்றியவர்கள், அந்த உறை கடைசியில் எங்கே போகிறது என்பதையும் கேட்டிருக்கலாம். வீட்டில் உரித்தால் பெரும்பாலும் குப்பைக்கு. ஆலையில் உரித்தால் அதிலிருந்து எண்ணெயும் பெக்டினும் மாட்டுத்தீவனமும் எடுக்க வழி இருக்கிறது. 1998இல் கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்டே காட்டுப் பாதுகாப்பகத்தில் நடந்ததை இங்கே சொல்லத் தோன்றுகிறது. டெல் ஓரோ என்ற சாறு ஆலை, சுமார் 12,000 டன் ஆரஞ்சுத் தோலையும் சக்கையையும் வறண்டு கிடந்த மேய்ச்சல் நிலத்தில் கொட்டியது. போட்டி நிறுவனம் ஒன்று வழக்குப் போட, நீதிமன்றம் நிறுத்தியது. இடம் மறக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஆய்வாளர்கள் தேடிப்போனபோது அந்த இடத்தைக் குறித்து நட்ட பலகையே தெரியாத அளவுக்குக் கொடியும் மரமும் மூடியிருந்தன. கொட்டாத பக்கத்து நிலத்தைவிட மரப் பொருள் 176 சதவீதம் அதிகம் என்று 2017இல் எழுதினார்கள். ஒரே இடத்தில் நிறையத் தோல் சேர்வது சாபமாகவே முடிய வேண்டும் என்றில்லை.

டப்பாவைப் பற்றி இன்னொன்று. அம்மாவின் ‘அப்புறம்’ புரிந்த பிறகு, ஊரில் புதிதாக வந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஆரஞ்சுச் சுளையும் மாதுளை முத்தும் கலந்து விற்ற டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். பெருமையாக அவள் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் அந்த டப்பாவை மடியில் வைத்து, இடது உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, கரண்டிக் காம்பால் மூடியின் விளிம்பை நெம்பிக்கொண்டிருந்தாள். ஆரஞ்சோடு பட்ட அதே பாடு. மூடியில் கிழிப்பதற்கென்று விட்டிருந்த நாடா என் விரலுக்கே பிடி கொடுக்கவில்லை. உள்ளே சுளைகளின் அடியில் சாறு தேங்கியிருந்தது. ஒரு சுளை தின்றுவிட்டு, “புளிச்சிருச்சே” என்றாள். உடல் முடியாதவர்களுக்காக உரித்த பழம் வேண்டும் என்று வாதாடுகிற நானே, அந்தப் பழம் வருகிற உறையை அவர்கள் கையால் திறக்க முடியுமா என்று யோசிக்கவில்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். மதுரையில் எங்கள் தெருமுனையில் பத்து மணிக்கு வரும் பழ வண்டிக்காரரிடம் அம்மா தானே நடந்துபோய்ப் பழம் பொறுக்குவாள். சீசனில் கமலா, மற்ற நாளில் சாத்துக்குடி. முதலில் அவருக்குத் தயக்கம். “உரிச்சுக் குடுத்தா வீட்டுக்குப் போறதுக்குள்ள வீணாப் போயிருமேம்மா” என்றார். “சுத்தமா எடுக்காத தம்பி. வெள்ளைத் தோல் கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கட்டும். அப்பக் காயாது” என்று அம்மா சொல்லிக் கொடுத்தாள். கானா நாட்டுப் பெண்களை அவள் கேள்விப்பட்டதே இல்லை. கத்தியையும் கையையும் கழுவ வண்டியில் ஒரு தண்ணீர்க் கேன் வைத்திருக்கிறார். பழத்துக்கு ஐந்து ரூபாய் உரிப்புக் கூலி. அதை வாங்க மறுத்தவரை அம்மாதான் வற்புறுத்தினாள்: “நீ செய்யிறது வேலைதானப்பா.” இப்போது பக்கத்துத் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பாட்டிகள் உரித்து வாங்கிப் போகிறார்கள்.

சுளைகளை வாங்கி வர அம்மா கொண்டுபோவது மூடி தளர்ந்த ஒரு பழைய எவர்சில்வர் சம்படம். இறுக்கமான மூடி போட்ட புதுசு இரண்டு அலமாரியில் இருக்கின்றன. அவற்றை அவள் எடுப்பதில்லை.